சீனரி இல்லாத ஊர்

கேமரா கைக்கு வந்த எந்தச் சோமனூர்க்காரரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நம்மூர்ல எடுக்கறதுக்கு என்னங்க இருக்குது?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. வடக்கே கருமத்தம்பட்டியில் அவிநாசி சாலை, நடுவே ரயில் பாதை, தெற்கே சாமளாபுரம் பக்கம் நொய்யல். மூன்றுக்கும் இடையில் தறிக்கூடங்கள், தென்னந்தோப்புகள், சோளம் விதைத்த மானாவாரிக் காடுகள், வேலியோரம் பனைகள். மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஐப்பசி மழை விட்ட காலையில் வடமேற்கே நீலகிரி ஒரு கோடாகத் தெரியும். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும்.

அதனால் 'சீனரி' என்றாலே ஊருக்கு வெளியே என்றுதான் பழக்கம். 1980களின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தால் பின்னால் ஒரு திரை தொங்கும்: பனிமலை, ஏரி, ஏரியில் ஒரு படகு, ஓரத்தில் மாளிகைப் படிக்கட்டு. பாவு பிணைத்துவிட்டு வந்து, குளித்து, புது வேட்டி கட்டி, மனைவியோடு அந்த ஏரிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். வெளியே வந்தால் கண் கூசும் வெயிலும் தறிச் சத்தமும். அந்த வெயிலும் கூடமும் படத்துக்கு ஆகும் என்று அன்று யாருக்கும் தோன்றியதில்லை.

சொந்தமாகக் கேமரா வைத்திருந்த சிலர் மேட்டுப்பாளையம் போய் மலை ரயில் பிடித்து ஊட்டிக்குப் போனார்கள். சீனரி மட்டுமல்ல, அதைப் பிடிக்கிற பிலிமும் அங்கேதான் தயாரானது. மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் ஊட்டியை அடுத்த இந்து நகரில் உற்பத்தியைத் தொடங்கியது. பிலிமில் ரசாயனம் பூசுகிற வேலைக்குத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும். மலை அதைக் கொடுத்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம், பிரிண்ட் காகிதம், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து இறங்கின. கலர் வந்த பிறகு அந்தத் தொழிற்சாலை தள்ளாடியது, பிறகு டிஜிட்டல் வந்து அதை முடித்துவைத்தது.

ஒரு ரோலில் 36 படம். இருட்டான மூலையில் நின்று, பிலிமின் நுனியைக் குறைவாக இழுத்துப் பொருத்தத் தெரிந்தவர்களுக்கு 37, சில நேரம் 38. அந்தக் கூடுதல் இரண்டு படங்களுக்காக எடுத்துக்கொண்ட சிரமத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். தீபாவளிக்குப் போட்ட ரோல் பொங்கல் வரைக்கும் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். கடைசி நாலு படத்தை எதற்குச் செலவழிப்பது என்று வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும். கழுவக் கோயமுத்தூருக்குக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால், பாதி கறுப்பாகவும் மீதி மங்கலாகவும் வரும். வந்த இரண்டு நல்ல படத்தை வைத்துக்கொண்டு அடுத்த ரோலுக்குக் காசு சேர்ப்பார்கள். ஆர்வம் குறைந்துபோகும் என்ற பேச்சே அன்று இல்லை, காசுதான் குறையும்.

இன்னும் முன்னால் போனால் கஷ்டம் இன்னும் கூடுதல். சாமுவேல் போர்ன் என்ற புகைப்படக்காரர் 1863இல் இமயமலைக்குப் படமெடுக்கக் கிளம்பியபோது சுமார் முப்பது சுமையாட்கள் கூடப் போனார்கள். கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அதே ஈரத்தில் கழுவியாக வேண்டும். இருட்டறைக் கூடாரத்தையும் மலைமேல் தூக்கிக்கொண்டே போக வேண்டும். லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டுத் தென்னாட்டைச் சுற்றினார். 1858இல் வெளிவந்த அவருடைய தொகுப்புகளின் தலைப்புகளில் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் ஜில்லாவின் ராயக்கோட்டை எல்லாம் உண்டு. கோயமுத்தூர் இல்லை. எங்கள் சமவெளியை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவ்வளவு பழையது.

கேமராவை விடாத ஒரு மனிதர் எங்கள் பக்கத்திலும் இருந்தார். சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு. பஸ் ஓட்டினார், மோட்டார் செய்தார், போன இடமெல்லாம் கேமராவோடு போனார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படச்சுருளில் பதிவு செய்தவர். கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்றும் அவருடைய கண்டுபிடிப்புகளில் சேர்த்தி. அவ்வளவு பெரிய மனிதருக்கும் கேமரா உலகத்தைக் காட்டத்தான் பயன்பட்டது. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டருக்குத் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கீழே மரநிழல் இருந்த அந்தப் பழைய சாலையை அடையாளம் சொல்ல, இனி யாராவது எடுத்து வைத்த படம்தான் வேண்டும்.

இன்று நிலைமை தலைகீழ். போனில் எடுக்கிற படத்துக்குக் காசு கிடையாது, எண்ணிக்கை கிடையாது, கழுவக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சாயங்காலத்தில் பழைய ரோல்கள் பத்துக்குச் சமமாக எடுத்துவிடலாம். ஆனால் கோயமுத்தூர்ப் பக்கம் எத்தனை வீட்டுப் பீரோக்களில் விலையுயர்ந்த கேமராக்கள் பையோடு தூங்குகின்றன! வாங்கிய வருடம் ஊட்டி, வால்பாறை, டாப்ஸ்லிப், மூணாறு. இரண்டாம் வருடம் அதே ஊட்டி. மூன்றாம் வருடம் லென்ஸுக்குள் பூஞ்சை. பூஞ்சைக்குக் காரணம் ஈரக்காற்று என்று சர்வீஸ்காரர் சொல்வார். பையைத் திறக்காமல் விட்டதை அவர் நாசூக்காகச் சொல்லாமல் விடுகிறார்.

சோம்பேறித்தனம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தொட்டபெட்டாவில் எங்கே நிற்க வேண்டும், பைக்காராவில் எத்தனை மணிக்கு ஒளி விழும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது; அவ்வளவு கூட்டம். அந்தக் கூட்டத்தில் நின்று நாம் எடுக்கிற படம் ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்ததுதான் என்று எடுக்கும்போதே தெரிகிறது. தெரிந்த பிறகு விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்க எந்த உடம்புக்கு மனசு வரும்?

பிலிம் இருந்தவரை கட்டுப்பாடு வெளியிலிருந்து வந்தது. 36க்கு மேல் இல்லை, தப்பினால் திரும்ப வராது, பலன் தெரிய ஒரு வாரம். அந்த மூன்றும் சேர்ந்துதான் ஆளை இழுத்துக்கொண்டு ஓடின. அவை போன பிறகு, அதே மாதிரியான வேலியை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: இந்த இடம் மட்டும், இந்த நாள் மட்டும், இத்தனை வருடத்துக்கு. புகைப்படக்காரர்கள் புராஜெக்ட் என்று சொல்வது இதைத்தான். சபரிமலைக்கு மாலை போட்டவருக்குக் காலையில் எழுந்து குளிப்பதா வேண்டாமா என்ற யோசனை வருவதில்லை. மாலை போட்ட அன்றே அது முடிவாகிவிட்டது.

மைக்கேல் கென்னாவை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஜப்பானின் பனிவெளியில் ஒற்றை மரத்தை எடுப்பவர் என்று உலகம் அறிந்த ஆங்கிலேயர். அவர் 1984இல் தொடங்கி வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய் எடுத்தது நாட்டிங்ஹாம்ஷயரின் ராட்கிளிஃப் அனல்மின் நிலையம். எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்கள், புகை, வயல், மின்கம்பிகள். நம்மூர்க்காரர் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் போகிற காட்சி. கென்னா அதை இரவிலும் மூடுபனியிலும் விடியலிலும் எடுத்து ஒரு பெரிய தொகுப்பாக்கினார். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான அது 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. மூடிய பிறகு அந்தப் படங்களுக்கு வேறொரு கனம் வந்துவிட்டது. அதை அவர் 1984இல் திட்டம் போட்டிருக்க முடியாது.

அமெரிக்காவில் மார்க் கிளெட் என்ற புகைப்படக்காரரும் நண்பர்களும் 1977இல் ஆரம்பித்த வேலை இன்னும் பிடிவாதமானது. நூறு வருடத்துக்கு முன் அரசு நில ஆய்வாளர்களோடு போன புகைப்படக்காரர்கள் மேற்குப் பகுதியில் எங்கெங்கே கேமராவை நிறுத்தினார்களோ, அதே புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, அதே பருவத்தில், நிழல் அதே இடத்தில் விழும் நேரத்தில் மறுபடம் எடுப்பது. 120க்கும் மேற்பட்ட இடங்களை எடுத்தார்கள். அதில் ஒரு சின்ன ரகசியமும் வெளியே வந்தது. அந்தப் பழைய புகைப்படக்காரர்களில் ஒருவரான டிமதி ஓ'சல்லிவன் 1869இல் யூட்டாவில் எடுத்த ஒரு பாறைப் படத்தில் பாறைகள் பயங்கரமாகச் சாய்ந்து நிற்கும். கிளெட் கோஷ்டி அங்கே போய் நின்று பார்த்தால் பாறை அப்படிச் சாயவே இல்லை. ஓ'சல்லிவன் கேமராவைச் சாய்த்திருக்கிறார்! திரும்பப் போய் நின்றவருக்குத்தான் இது தெரிய வந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு உதாரணம் தேடினால் திருவண்ணாமலை. புகைப்படக்காரர் அபுல் கலாம் ஆசாத் முன்னின்று நடத்திய ஏகலோகம் அறக்கட்டளை 2014-15இல் 'புராஜெக்ட் 365' என்று ஒரு கூட்டு வேலை செய்தது: பல புகைப்படக்காரர்கள் சேர்ந்து ஒரு வருடம் முழுக்க ஒரே ஊரை எடுப்பது. மலை, கோயில், தெரு, ஆட்கள் எல்லாம். பெரிய யோசனைதான். என்றாலும் திருவண்ணாமலைக்கு மலையும் கோபுரமும் இருக்கின்றன, எடுக்கிறவருக்கு அலுத்தால் அவை தாங்கிக்கொள்ளும். எனக்கு ஆசை, இப்படி ஒன்று சோமனூர் மாதிரியான ஊருக்கு வேண்டும் என்பது.

நொய்யல் அப்படிப்பட்ட புராஜெக்டுக்கு ஏற்ற ஆறு. வெள்ளியங்கிரியில் பிறந்து, பேரூர், கோயமுத்தூர், சூலூர், சாமளாபுரம், திருப்பூர் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேர்கிறது. தலைமாட்டில் எடுத்தால் கண்ணாடித் தண்ணீர், கூழாங்கல், மூங்கில். எல்லோரும் அங்கேதான் எடுக்கிறார்கள். கீழே வர வர ஆள் குறையும். சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டினார்கள். சில வருடங்களிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்குகிற இடமாக அது மாறிப்போய், தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. பாசன வசதி வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரர்கள் சொன்ன அணை வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

இந்த ஆற்றைத் தனிப்படமாக எடுக்கிறவருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. அணைக்கட்டுகளில் விழுந்து நுரை பொங்கும் நாளில், மெதுவான ஷட்டரில் எடுத்தால், நுரை பஞ்சுப்பொதி மாதிரி வெளேரென்று நிற்கும். பார்க்கிறவர்கள் 'அருமை' என்பார்கள். அது சோப்பும் சாக்கடையும் என்று அந்த ஒரு படம் சொல்லாது. அதே கரையில், அதே கல்லின் மேல் நின்று, சித்திரையில் காய்ந்த ஆற்றையும், ஆடியில் கலங்கிய ஆற்றையும், ஐப்பசியில் நுரையையும், மார்கழியில் ஆகாயத்தாமரை மூடிய பச்சையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்கிறவரே கேட்பார்: "ஏனுங்க, இது என்ன வெள்ள?" அந்தக் கேள்வியை வரவழைக்கிற படத்தொகுப்புதான் என் கணக்கில் நிலக்காட்சி. தனியாக மாட்டுகிற அழகான நுரைப்படம் காலண்டருக்கு ஆகும்.

நான் எடுத்துக்கொண்ட வேலி இதைவிடச் சின்னது. மின்வாரியம் மாதாமாதம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும். முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பட்டியலோடு வரும், காலை 9 முதல் மாலை 4 வரை என்று. ஊரில் அதை ஷட்டவுன் என்பார்கள். அந்த நாளில் மட்டும், சோமனூரைச் சுற்றி, நடந்து போகிற தூரத்துக்குள் எடுப்பது. தேதியை நான் முடிவு செய்வதில்லை, மின்வாரியம் முடிவு செய்கிறது. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இன்றைக்கு எடுக்கலாமா, மனசு சரியில்லையே, வானம் நன்றாயில்லையே என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏன் ஷட்டவுன்? தறி ஓடுகிற கூடத்தில் டிரைபாட் வேலை செய்யாது. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிற வேகத்தில் தரை அதிரும், சுவர் அதிரும், கூடத்துக்கு வெளியே களத்தில் வைத்தால்கூடக் கால் வழியாக நடுக்கம் ஏறிவிடும். அரை விநாடி ஷட்டர் வைத்தால் படம் இரட்டையாகத் தெரியும். கரண்ட் நின்ற பிறகுதான் கேமரா நிற்கும். அப்போது உள்ளே போய்ப் பாருங்கள். ஜன்னல்களை அடைத்தே வைத்திருப்பார்கள், காற்றடித்தால் நூல் அறும். ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே இறங்குகிற வெளிச்சம் பாவின் மேல் விழுந்து, ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும். உத்திரத்திலிருந்து தொங்குகிற ஒட்டடையில் பஞ்சுத் தூசி படிந்து படிந்து கயிறு தடிமனுக்கு ஆகியிருக்கும். தறி ஓடும்போது அது ஆடிக்கொண்டே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

இன்னொரு சங்கடமும் இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. 9 முதல் 4 வரை என்பது நிலக்காட்சிக்காரர்கள் கேமராவை மூடிவைக்கிற நேரம். விடியலும் அந்தியும்தான் அவர்களுக்கு ஒளி. உச்சி வெயிலில் வானம் வெளுத்து, நிழல் காலடிக்குள் சுருங்கி, எல்லாம் தட்டையாகிவிடும். அந்த நேரத்தைத் தவிர வேறு நேரம் இல்லை என்று ஆனபின் கண் வேறு வேலை தேட ஆரம்பிக்கிறது. வேப்பமரத்தின் நிழல் ஒரு கறுப்பு வட்டமாகக் கீழே கிடப்பது, அந்த வட்டத்துக்குள் தறிக்காரர்கள் அத்தனை பேரும் அடங்கி உட்கார்ந்திருப்பது, நேர்மேலே நிற்கும் சூரியனால் கூடத்துச் சுவரின் காரைப் பெயர்ப்புகள் ஒவ்வொன்றும் புடைத்துத் தெரிவது. இவற்றை விடியலில் போயிருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். கலரை விட்டுக் கறுப்பு வெள்ளைக்குப் போனதும் அந்த வெயிலால்தான். வெளுத்த நீலத்தைவிட வெளுத்த சாம்பல் தேவலை.

ஆட்களைச் சமாதானப்படுத்துவது தனி வேலை. டிரைபாடைக் காட்டில் நிறுத்தினால் உடனே யாராவது வந்துவிடுவார்கள். "ஏனுங்க, அளக்க வந்தீங்களா? ரோடு வருதுங்களா?" என்று கேட்கிற குரலில் பயம் இருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. உயர்மின் கோபுரங்கள் விளைநிலத்தில் நடப்படுவதை எதிர்த்து 2018, 2019இல் கொங்கு விவசாயிகள் நடத்திய போராட்டங்கள் இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன. மூன்று கால் நட்டு ஒருவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலே நிலம் போகிறதோ என்று தோன்றும். "இல்லீங்க, சும்மா போட்டோ எடுக்கறனுங்க" என்றால் அடுத்த கேள்வி: "கரண்ட் இல்லாத நேரத்துல எங்க கூடத்துல என்னங்க இருக்குது?" இதற்குச் சரியான பதில் இன்னும் என்னிடம் இல்லை. அடுத்த முறை போகும்போது முன்பு எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிறகு மோர் வரும், கேள்வி வராது. பிலிம் காலத்தில் பிரிண்ட்தான் படம். இன்று போனில் காட்டினால் "நல்லாருக்குதுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், காகிதத்தில் கொடுத்தால் சுவரில் ஒட்டுகிறார்கள்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு ஒரு சில்லறை யோசனை. நின்ற இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு மின்கம்பத்தின் எண், அதிலிருந்து எத்தனை எட்டு, கேமரா நெஞ்சு உயரமா இடுப்பு உயரமா, எந்த லென்ஸ் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பழைய படத்தின் பிரிண்டைக் கையில் பிடித்து, முன்னால் இருக்கிற பனையும் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியும் அதே இடைவெளியில் தெரிகிற வரைக்கும் முன்னும் பின்னும் நகருங்கள். அந்த இடைவெளி சரியாக வந்தால் நின்ற இடமும் சரி. கிளெட் கோஷ்டியும் அடிப்படையில் இதைத்தான் செய்தார்கள், கொஞ்சம் கணக்குப் போட்டு.

இப்படிப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒன்றுமே மாறாத ஊர் என்று நினைத்த சமவெளிதான் மலையைவிட வேகமாக மாறுகிறது. கிணறு வற்றி விவசாயம் நொடித்தபோது தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்திலேயே கூடம் கட்டித் தறி போட்டவர்கள் அன்றைய தலைமுறை. 2021 நவம்பரில் கூலி உயர்வு ஒப்பந்தம் போட்டபோது 'சோமனூர் ரகம்' என்று தனிக் கணக்கே இருந்தது, 23 சதவீதம். ஒப்புக்கொண்ட கூலி கைக்கு வரவில்லை என்று 2022 தொடக்கத்தில் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தினார்கள். அப்புறம் பழைய இரும்பு விலைக்குத் தறியை எடைக்குப் போடுகிற காலம் வந்தது. போன வருடம் பாவு இருந்த கூடத்தில் இந்த வருடம் கோழித்தீவனம், அல்லது பூட்டு. தெற்கே சுல்தான்பேட்டை, பல்லடம் பக்கம் போனால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளுக்கு மேலே காத்தாடிகள் சுற்றுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற அதே ஆடிக்காற்றுதான், முன்பு புழுதி கிளப்பியது இன்று மின்சாரம் எடுக்கிறது. வடக்கே 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், பவானி உபரித் தண்ணீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. காலம் காலமாகக் கருவேலம் முளைத்துக் கிடந்த குட்டைகளில் தண்ணீர் நிற்கிறது. அதில் ஒன்றைக் காய்ந்த குட்டையாக எடுத்துக்கொண்டிருந்த நண்பர், தான் வழக்கமாக நிற்கிற இடம் இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். இப்படி ஒரு குறை எல்லாருக்கும் வரட்டும்.

ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017 செப்டம்பர் 7 அன்று சோமனூர்ப் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. 5 பேர் இறந்தார்கள். மறுநாள் பேப்பர்களில் வந்தவை இடிபாட்டின் படங்கள். இடியாமல் நின்ற காலத்தில், ஆயிரம் பேர் தினமும் வந்துபோன அந்த நிலையத்தை, அதற்காகவே ஒருவர் கேமராவைத் தூக்கி எடுத்திருப்பாரா? நம் ஆல்பங்களில் ஊட்டி ஏரிப் படகு இருக்கும். பஸ் ஏறிய இடம் இருக்காது.

ஊட்டிக்குப் போவதை நான் விட்டுவிடவில்லை. நல்ல டீயும் குளிரும் யாருக்குக் கசக்கும்? அங்கே போனால் கேமராவைக் காரிலேயே விட்டுவிடுகிறேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

போன ஷட்டவுனில் சாமளாபுரம் சாலையோரம் ஒரு பெரியவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். தறியெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டவர். அவருடைய கூடத்தை ஓடுகிற காலத்திலிருந்தே எடுத்து வந்திருக்கிறேன்.

"ஏந் தம்பி, முன்னால எங்க கூடத்துக்குப் பின்னாடி நின்னு ஒரு படம் எடுத்தீங்களே, அதுல கிளுவை வேலி தெரியுதுங்களா?"

"தெரியுதுங்கய்யா. ஓரத்துல நல்லாவே தெரியுது."

"அப்படின்னா பெருசா ஒரு காப்பி போட்டுக் குடுங்க. பங்காளி வேலியப் புடுங்கிப்போட்டுக் கம்பி வேலி கட்டிட்டானுங்க. மூணடி உள்ள வந்துட்டான். கேட்டா, வேலி எப்பவும் இங்கதான் இருந்துச்சுங்கறான். எப்ப எடுத்ததுன்னு பின்னாடி தேதி போட்டு, ஒரு கையெழுத்தும் போட்டுருங்க."

"அது வைட் லென்ஸ்ல எடுத்ததுங்கய்யா. ஓரத்துல இருக்கறதெல்லாம் இழுத்துக் காட்டும். மூணடி கணக்கெல்லாம் அதுல சொல்ல முடியாதுங்க."

"அத வக்கீல் பாத்துக்குவாரு. நீங்க காப்பிய மட்டும் குடுங்க."